மின்னூல் கருவி வாங்குமுன்: போதகரும் இறையியல் மாணவரும் சீர்தூக்க வேண்டியவை

முன்னுரை

தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இறுதியில், சிறையிலிருக்கும் பவுல் அப்போஸ்தலர் சில பொருள்களைக் கொண்டுவரும்படி கேட்கிறார். துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் வைத்துவந்த மேலங்கி, புத்தகங்கள், அவற்றுள்ளும் சிறப்பாகத் தோற்சுருள்கள் (2 தீமோத்தேயு 4:13). தாம் உலகை விட்டுப் பிரியும் காலம் நெருங்கிவிட்டது என்று அதே அதிகாரத்தில் எழுதியவர், அந்நிலையிலும் புத்தகங்களை நாடினார் என்பது நாம் சிந்திக்கத்தக்கது. அவர் தம் நூல்களை ஒருவரிடம் ஒப்படைத்து வைத்திருந்தார். வேறொருவர் அவற்றை எடுத்துவர முடிந்தது. வந்தபின் அவர் படிக்க முடியும். ஒப்படைத்தல், எடுத்துச்செல்லுதல், படித்தல் ஆகிய இம்மூன்றும் இயலுமானால்தான் ஒரு நூல் ஊழியனுடைய நூலாகும்.

இந்நாள்களில் மின்னூல் கருவி ஒன்று வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்னும் கேள்வியைப் போதகர்களும் இறையியல் மாணவர்களும் நம்மிடம் அடிக்கடி கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை சேகரம் மாற்றப்படும் போதகர் வீட்டில், பாத்திரம் பண்டங்களைவிடப் புத்தகப் பெட்டிகளே வண்டியில் அதிக இடம் பிடிக்கின்றன. காரைக்கால் போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் கரையானும் நூல்களை விரைவில் அழிக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடற்கோள் இக்கரையோரத்தில் எவற்றையெல்லாம் வாரிச்சென்றது என்பதை நாம் மறக்கவில்லை. ஆகவே உள்ளங்கையளவுக் கருவி ஒன்றில் ஆயிரம் நூல்களை வைத்துக்கொள்ளலாம் என்ற செய்தி நமக்கு இனிப்பாகவே இருக்கிறது.

எனினும் இங்குப் பல கருவிகளை அருகருகே வைத்துப் பார்த்து வாங்கும் வசதி அரிது. விளம்பரத்தை நம்பி வருவித்து, பெட்டியைப் பிரித்த பின்னரே குறையை அறிகிறோம். எனவே பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளை இக்கட்டுரையில் வரிசைப்படுத்துவோம். எக்கருவி விரைவானது, எதன் தோற்றம் அழகானது என்பவை நம் முதற்கேள்விகள் அல்ல. அதில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா, பக்கம் கண்ணுக்கு எட்டுகிறதா, அதில் வைக்கும் நூல் உண்மையில் நம்முடையதா என்பவையே முதன்மையானவை.

1. இக்கரையோரத்தின் பழைய பாடம்

காரைக்காலுக்கு வடக்கே, சிறிது தொலைவில் தரங்கம்பாடி இருக்கிறது. 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலும், 1620 முதல் 1845 வரை டேனிஷ் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியும் அண்டை ஊர்கள். 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, அச்சகம் அமையுமுன்னரே தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708இல் அவற்றுக்கு விளக்கப்பட்டியல் ஒன்றும் எழுதினார். அருட்பணிக்கு வந்தவர் முதலில் வாசகராகவும் நூலகராகவும் ஆனார் என்பது நம் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

அச்சு இயந்திரம் 1712இல் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. ஆனால் அவை அளவில் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் போதாது. நூலும் கையில் அடங்காது. ஆகவே சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. பொறையாற்றில் தாள் ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது. 1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறின. இந்திய மொழிகளுள் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாடு இதுவே.

இவ்வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளைக் கற்பிக்கிறது. முதலாவது, வேறொரு நாட்டில் செய்யப்பட்ட கருவி எத்துணைச் சிறந்ததாயினும் தமிழ் எழுத்தின் அளவுக்கும் வடிவுக்கும் பொருந்துகிறதா என்று இங்கே சோதித்துத்தான் ஆக வேண்டும். இரண்டாவது, எழுத்தும் தாளும் பிறர் கையில் மட்டுமே இருந்தால் பணி அவர்களுடைய விருப்பத்தைப் பொறுத்தே நடக்கும். அன்றைய அருட்பணியாளர் எழுத்து வார்ப்பையும் தாள் செய்வதையும் தம் ஊருக்கே கொண்டுவர முயன்றதன் காரணம் இதுவே. மின்னூல் கருவியிலும் இவ்விரண்டு கேள்விகளே திரும்ப எழுகின்றன.

2. கருவிகளின் வகைகள்

சந்தையில் பெயர்கள் பலவாயினும் வகைகள் நான்கே.

(அ) கைபேசியும் கைக்கணினியும். இவை பெரும்பாலோரிடம் ஏற்கெனவே உள்ளன. திரை தன்னொளியால் இயங்குவது. வெயிலில் மங்கும், மின்கலம் ஒரு நாளைக்கே போதும், வாசிப்பின் நடுவே அழைப்பும் செய்தியும் வந்து குறுக்கிடும்.

(ஆ) ஒரே கடையோடு பிணைந்த மின்மைக் கருவி. அமேசான் நிறுவனம் 2007இல் வெளியிட்ட கிண்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இந்தியாவில் இது 2012இல் விற்பனைக்கு வந்தது. 2016இன் இறுதியில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்கள் இக்கடையில் சேர்க்கப்பட்டன. இன்று தமிழ் மின்னூல்கள் விலைக்குக் கிடைக்கும் பெருங்கடை இதுவே எனலாம்.

(இ) பொது வடிவத்தை ஏற்கும் மின்மைக் கருவி. கனடாவில் தோன்றி 2012இல் ஜப்பானின் ராகுடென் நிறுவனத்தைச் சேர்ந்த கோபோ, பாக்கெட்புக் முதலியன இவ்வகை. ஈபப் எனப்படும் பொது வடிவத்திலுள்ள நூல்களை இவை நேரே திறக்கும். தங்களுக்கெனக் கடை இருப்பினும், பிற இடங்களில் வாங்கிய நூல்களையும் வைத்துக்கொள்ள இடம் தரும்.

(ஈ) ஆண்ட்ராய்டு இயங்கும் மின்மைக் கருவி. சீன நிறுவனத்தின் பூக்ஸ் கருவிகள் இவ்வகை. கைபேசியைப் போலவே பல செயலிகளை நிறுவலாம். திருமறைச் செயலி, அகராதி, பல கடைகளின் வாசிப்புச் செயலிகள் ஆகிய யாவும் ஒரே கருவியில் அமையும். விலை மிகுதி, பயன்படுத்தச் சற்றுப் பழக்கம் வேண்டும், மின்கலமும் மற்ற மின்மைக் கருவிகளைப் போல நீடிப்பதில்லை.

மின்மைத் திரை என்பது யாது என்று ஒரு சொல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில் தோன்றி, 1997இல் தனி நிறுவனமாக உருவான முயற்சியின் பயன் இது. தலைமயிரின் பருமனளவே உள்ள நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒரு நிறத்துகள் மேலேயும் மற்றது கீழேயும் செல்லும். அவ்வாறு அமைந்த பக்கம் மின்சாரமின்றியே அப்படியே நிற்கும். பக்கம் புரளும்போதும் முன்விளக்கு எரியும்போதும்தான் மின்சாரம் செலவாகும். அச்சிட்ட தாளைப் போலப் பிறவொளியை எதிரொளிப்பதால் திண்ணையில் நண்பகல் வெயிலிலும் படிக்கலாம். ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் நாகை மாவட்டத்தின் பல ஊர்களில் பல நாள் மின்சாரமின்றி இருந்ததை அறிந்தோர்க்கு இதன் அருமை புரியும்.

3. முதற்கேள்வி: தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா?

தமிழ் எழுத்து எழுதப்படும் வரிசையும் கணிப்பொறிக்குள் சேமிக்கப்படும் வரிசையும் ஒன்றல்ல. 'கொ' என்று எழுதுகையில் ஒற்றைக்கொம்பை முதலிலும், ககரத்தை நடுவிலும், காலை இறுதியிலும் எழுதுகிறோம். யூனிகோடு முறையிலோ ககரம் முதலிலும், ஒகரத்துக்குரிய குறி அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது அக்குறியைப் பிரித்து, ககரத்துக்கு இருபுறமும் உரிய இடத்தில் வைப்பது கருவியினுள் இருக்கும் நிரலின் வேலை. அந்நிரல் தமிழை அறியாவிடில் கொம்பு இடம் மாறும். புள்ளி தனித்து நிற்கும். எழுத்துருவே இல்லாவிடில் வெறும் கட்டங்கள் தோன்றும்.

ஒரே கருவியிலும் இது நூலுக்கு நூல், வடிவத்துக்கு வடிவம் மாறக்கூடும். ஆகவே 'தமிழ் தெரியும்' என்ற விற்பனையாளர் வாக்கு போதாது. சோதனைக் கோப்பு ஒன்றை நாமே ஆயத்தம் செய்துகொள்வது நலம். அதில் யெகோவா, கிறிஸ்து, ஸ்தோத்திரம், இரட்சிப்பு, கௌரவம், லட்சுமி, க்ஷேமம், ஸ்ரீ என்னும் சொற்களை எழுதுக. கொம்பும் காலும் கிரந்த எழுத்துகளும் கூட்டெழுத்தும் இச்சொற்களில் அடங்கிவிடுகின்றன. அதனுடன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலிருந்து உயிர்ப்புக் குறிகளோடு ஒரு வரியும், எபிரேய ஆகமத்திலிருந்து உயிர்ப்புள்ளிகளோடு ஒரு வரியும் சேர்க்க. எபிரேயம் வலமிருந்து இடமாக ஓட வேண்டும்; புள்ளிகள் தத்தம் எழுத்துக்குரிய இடத்தில் நிற்க வேண்டும். இக்கோப்பை ஈபப் வடிவில் ஒன்றும் பிடிஎஃப் வடிவில் ஒன்றுமாக ஆக்கி, கருவி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் உண்மை விளங்கும்.

தேடுதலையும் சோதிக்க வேண்டும். 'கிருபை' என்று தட்டச்சு செய்து தேடினால் அச்சொல் உள்ள இடங்களைக் கருவி காட்டுகிறதா? சொல்லின்மேல் விரல் வைத்தால் முழுச்சொல்லும் தெரிவாகிறதா? அருளுரை ஆயத்தம் செய்வோர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை.

இங்கு நம் அனுபவம் ஒன்றைக் கூறுவது பிறர்க்கு உதவும். பல ஆண்டுகளாகக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து வைத்திருந்த அருளுரைக் குறிப்புகளை மகிழ்ச்சியோடு கருவியில் ஏற்றித் திறந்தபோது, ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் கலந்த குப்பையே தோன்றியது. குற்றம் கருவியினுடையதன்று. பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளிருக்கும் ஆங்கில எழுத்தே வெளிப்படும். தமிழ் 1991இலேயே யூனிகோடு தரத்தில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் சபைகளில் ஆண்டறிக்கைகளும் ஆராதனை முறைகளும் பாட்டுத்தாள்களும் நெடுங்காலம் பழைய எழுத்துருக்களிலேயே ஆக்கப்பட்டன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாக உள்ளன. கருவி வாங்குமுன் இவ்வேலையை முடிப்பதே முறை.

4. இரண்டாம் கேள்வி: பக்கம் கண்ணுக்கு எட்டுகிறதா?

மின்னூல்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஈபப் போன்றவை நீரைப் போல நெகிழ்வன. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்பத் தாமே மடிந்து அமையும். பிடிஎஃப் பக்கமோ கல்வெட்டைப் போன்றது. அச்சுப் பக்கம் எவ்வாறோ அவ்வாறே நிற்கும். திரை சிறிதானால் பக்கம் முழுவதும் சுருங்கும்.

இதை ஒரு கணக்கால் விளக்குவோம். நம் தமிழ் நூல்கள் பல டெமி அளவின, அதாவது ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அகலமும் 21.5 சென்டிமீட்டர் உயரமும் உடையன. 6 அங்குலக் கருவியின் திரை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. பக்கம் முழுவதையும் அதில் அடக்கினால் எழுத்து ஏறத்தாழ 56 விழுக்காடாகச் சுருங்கும். 10 புள்ளி எழுத்து 6 புள்ளிக்கும் குறைந்துவிடும். விளக்கவுரை நூலின் அடிக்குறிப்புகளோ எறும்பு வரிசையாகிவிடும். நாற்பது வயதைக் கடந்த கண்ணுக்கு இது வாசிப்பன்று, வதை. 10.3 அங்குலத் திரையோ ஏறத்தாழ 15.7 சென்டிமீட்டர் அகலமும் 21 சென்டிமீட்டர் உயரமும் உடையது; டெமி பக்கம் அதில் ஏறக்குறைய இயல்பான அளவிலேயே அமையும்.

இதன் பொருள் யாது? இறையியல் மாணவர் படிக்கும் கட்டுரைகளும், பழைய நூல்களின் ஒளிப்படப் படிகளும் பெரும்பாலும் பிடிஎஃப் வடிவிலேயே உள்ளன. பழைய தமிழ் நூல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் அச்சான நூல்களில் ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் இருக்கும். அவற்றைக் கணிப்பொறி தானே படித்து நெகிழ் நூலாக்கும்போது பிழைகள் மலியக் காண்கிறோம். ஆகவே அந்நூல்களைப் படமாகவே படிக்க வேண்டியுள்ளது. அத்தகைய மாணவர் 6 அங்குலக் கருவி வாங்கினால் சில வாரங்களில் அது மேசை இழுப்பறைக்குள் சென்றுவிடும். மாறாக, நெகிழ் நூல்களை மட்டும் மாலை வேளையில் படிக்க விரும்பும் போதகர்க்கு 6 அல்லது 7 அங்குலம் போதும், கையும் சோராது.

திரையின் நுண்மையையும் நோக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்ட திரையில் தமிழின் வளைவுகளும் மெய்ப்புள்ளியும் தெளிவாக நிற்கும். பழைய மலிவுக் கருவிகள் 167 புள்ளிகளே கொண்டவை. கைமாற்றுக் கருவி வாங்குவோர் இதைக் கேட்டறிய வேண்டும். வண்ண மின்மைத் திரைகளில் கறுப்பு எழுத்து 300 புள்ளியாயினும் வண்ணம் 150 புள்ளியே. பின்னணியும் சற்றுக் கருமையாகத் தோன்றும். நிலப்படங்களுக்கு வண்ணம் உதவும். எழுத்தே முதன்மையென்போர்க்கு அதற்கான கூடுதல் விலை வீண்.

5. மூன்றாம் கேள்வி: நூல் யாருடையது?

எரேமியா 36ஆம் அதிகாரம் நூல்களின் வரலாற்றில் ஒரு சிறப்பான அதிகாரம். தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல பாரூக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் அரசன் சூரிக்கத்தியால் அறுத்து, கணப்பு நெருப்பில் இட்டான். ஆனால் அச்சொற்கள் அழியவில்லை. வேறொரு சுருள் எடுக்கப்பட்டது. பாரூக்கு மறுபடியும் எழுதினான். முன்னதைவிட அதிகமாகவே எழுதப்பட்டது. ஒரு படியை அழித்தவனால் நூலை அழிக்க முடியவில்லை, ஏனெனில் மறுபடி எழுதும் உரிமையும் ஆற்றலும் அரசன் கையில் இல்லை.

மின்னூலில் இவ்வுரிமை யார் கையில் உள்ளது? 2009 ஜூலையில் நிகழ்ந்ததை நோக்குக. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நூல்களின் ஒரு பதிப்பை, அதை விற்றவர்க்கு உரிமை இல்லை என்ற காரணத்தால், அமேசான் நிறுவனம் வாங்கியோருடைய கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. அந்நூல்களுள் ஒன்று அரசு ஆவணங்களை அழித்தெழுதும் கொடுங்கோன்மையைப் பற்றிய '1984' என்பது வியப்பான பொருத்தம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும் அந்நூலுக்குக் குறிப்புகள் எழுதி வைத்திருந்த மாணவர் ஒருவருடைய உழைப்பு பயனற்றுப்போயிற்று. 2019 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கப்பட்ட நூல்கள் அனைத்தும் படிக்க இயலாதனவாயின. அங்கும் பணம் திரும்பியது, நூல் திரும்பவில்லை.

இவை ஏன் இயன்றன? பூட்டிட்ட மின்னூலை வாங்குகையில் நாம் பெறுவது நூலையன்று, படிக்கும் அனுமதியையே. அவ்வனுமதி நம் கணக்கோடு கட்டுண்டது. பிறர்க்கு மாற்ற இயலாதது. கிண்டில் கடையில் வாங்கிய நூலைக் கணிப்பொறியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்தப்பட்டது. இதனால் கிண்டில் பயனற்றது என்று கூறுவது நேர்மையன்று. நம்மிடமுள்ள பூட்டில்லாக் கோப்புகளை அதில் ஏற்றலாம். 2022 முதல் ஈபப் கோப்பை அந்நிறுவனத்தின் அனுப்பும் வசதி வழியாகவும் சேர்க்கலாம். தமிழ் நூல்கள் அங்கேயே மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆனால் வாங்குவோர் தாம் என்ன வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க வேண்டும். பொது வடிவக் கருவிகளின் கடைகளிலும் பல நூல்கள் பூட்டுடனேயே விற்கப்படுகின்றன. பெயரில் ஈபப் என்றிருப்பதால் மட்டும் நூல் விடுதலை பெற்றதாகாது.

போதகர்க்கு இது தத்துவக் கேள்வி மட்டுமன்று. பணி ஓய்வு பெறும் மூத்த போதகர் தம் விளக்கவுரை நூல்களை இளையவருக்குக் கொடுப்பதும், மறைந்தவருடைய குடும்பத்தார் அவர் நூல்களை இறையியல் கல்லூரிக்கு அளிப்பதும் நம்மிடையே நிலவும் நல்வழக்கம். நம் கல்லூரி நூலகங்களில் முதற்பக்கத்தில் முந்தைய உடையவரின் கையொப்பமுள்ள நூல்கள் எத்தனை! ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பும் நமக்கு ஆசிரியராகிறது. பூட்டிட்ட மின்னூலில் இவ்வழக்கம் அறுந்துபோகிறது.

6. களவும் இரவலும்

இதற்கு எதிர்ப்புறத்தில் மற்றொரு தீமை நிற்கிறது. விலையுள்ள நூல்களின் திருட்டுப் படிகள் வாட்சப் குழுக்களில் நாள்தோறும் உலவுகின்றன. போதகர் குழுக்களும் மாணவர் குழுக்களும் இதற்கு விலக்கல்ல. ஊழியத்துக்குத்தானே என்று நாம் நம்மைத் தேற்றிக்கொள்கிறோம். களவைத் தடுக்கும் கற்பனையைச் சபையாருக்குப் போதிப்பவர் அதை நூல் வடிவில் மீறலாகாது. தமிழில் இறையியல் எழுதுவோரும் பதிப்பிப்போரும் சிலரே. சில நூறு படிகள் விற்றால்தான் அடுத்த நூல் வெளிவரும். ஒரு திருட்டுப் படி அவ்வடுத்த நூலைத் தடுத்துவிடக் கூடும்.

நேர்வழியில் கிடைப்பனவே ஏராளம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் கழிந்தால் அவருடைய நூல் பொதுவுடைமையாகும். 1864இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியார், 1889இல் மறைந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1900இல் மறைந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ஆகியோர் படைப்புகள் யாருடைய அனுமதியுமின்றிப் படியெடுக்கத்தக்கவை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தேம்பாவணி உள்ளிட்ட பல தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் 2013 முதல் ஆசிரியர்களின் இசைவோடு ஈபப் வடிவிலும், 6 அங்குலத் திரைக்கென அமைத்த பிடிஎஃப் வடிவிலும் நூல்களை வெளியிடுகின்றனர். ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உண்டு. கருவி வாங்குமுன் இவற்றிலிருந்து ஒரு நூலைக் கைபேசியில் இறக்கி இறுதிவரை படித்துப் பார்க்கலாம். அவ்வாறு ஒரு நூலையும் முடிக்க இயலாதவர்க்குப் புதிய கருவி வாசிப்பு ஆர்வத்தை உண்டாக்கித் தராது.

7. எப்பணிக்கு ஏற்றது, எதற்கு ஏலாது?

ஆதித் திருச்சபையார் சுருளை விட்டு ஏட்டுக்கட்டு நூலை விரும்பி ஏற்றனர் என்பதை நாம் அறிவோம். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த செஸ்டர் பீட்டி நாணற்புல் ஏடுகளுள் ஒன்று நான்கு நற்செய்திகளையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் ஒரே கட்டில் கொண்டிருந்தது. பல நூல்கள் ஒன்றாயின. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விரலை வைத்துப் புரட்டுவதும் எளிதாயிற்று. மின்மைக் கருவி முதற்பயனைப் பன்மடங்காக்குகிறது. இரண்டாம் பயனிலோ நம்மைச் சுருளின் காலத்துக்கே திருப்பி அனுப்புகிறது எனலாம். திரை மெதுவாக மாறுவதால் ரோமரிலிருந்து ஆபகூக்குக்கும், அங்கிருந்து கலாத்தியருக்கும் தாவிச்செல்வது பொறுமையைச் சோதிக்கும். ஆகவே ஒப்புநோக்கிப் படிக்கவும் வேதபாட வகுப்புக்கும் அச்சிட்ட திருமறையே விரைவானது. பிரசங்க பீடத்தில் கருவியை வைப்போர், விரல் தவறிப்பட்டுப் பக்கம் புரள்வதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

தொடர்ந்து நெடுநேரம் படிக்கும் நூல்களுக்கு இக்கருவி மிகவும் ஏற்றது: வாழ்க்கை வரலாறு, திருச்சபை வரலாறு, தியான நூல்கள். மருத்துவமனைச் சந்திப்பின் காத்திருப்பிலும் பேருந்துப் பயணத்திலும் ஒரு கையால் படிக்கலாம். கண் மங்கிய மூத்தோர்க்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி ஒரு பெரும் நன்மை. அன்று தாளுக்காக எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. இன்று கண்ணுக்காகப் பெரிதாக்க முடிகிறது.

கடலோரத்தார் நீர்க்காப்பையும் கேட்டறிய வேண்டும். பேப்பர்வைட் முதலிய சில கருவிகள் நன்னீரில் தவறி விழுந்தாலும் தாங்கும். அடிப்படைக் கிண்டிலுக்கு அக்காப்பு இல்லை.

8. நம் பரிந்துரை

பொருளாதாரத்தை மறவாமல் கூறுவோம். 7 அங்குலப் பேப்பர்வைட் 2025 ஏப்ரலில் இந்தியாவில் வெளியானபோது அதன் விலை 16,999 ரூபாய். கிராமச் சேகரத்துப் போதகர்க்கு இது சிறு தொகையன்று; அத்தொகைக்கு நல்ல அச்சு நூல்கள் எத்தனையோ வாங்கலாம்.

எனவே, கைபேசியில் மாதம் ஒரு நூலேனும் படித்து முடிக்கும் பழக்கம் இன்னும் வராதவர் காத்திருக்கட்டும். பெரும்பாலும் தற்காலத் தமிழ் நூல்களை விலைக்கு வாங்கிப் படிக்க விரும்புவோர்க்குக் கிண்டில் பொருந்தும்; ஆனால் என்றும் வேண்டிய நூலை அச்சிலும் வாங்கி வைப்பாராக. பொதுவுடைமை நூல்களையும் தம் சொந்தக் குறிப்புகளையும் படிக்க விரும்புவோர், தமிழ்ச் சோதனையில் தேறினால், ஈபப் ஏற்கும் கருவியை நாடலாம். இந்தியாவில் பழுது பார்க்கும் வசதியும் திருப்பி அனுப்பும் காலவரையும் உண்டா என முன்னரே கேட்டறிக. ஆய்வு மாணவர்க்கு 10 அங்குலக் கருவியே தகும். அதன் விலையைத் தனியொருவர் தாங்குவது அரிதாகையால், இறையியல் கல்லூரி நூலகங்கள் ஒன்றிரண்டு வாங்கி முறை வைத்துக் கொடுப்பது சிறந்த வழி. சேகரத்துக்கென வாங்கினால் அதைப் போதகரின் சொந்தக் கணக்கில் பதியாது, சேகரத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் கணக்கு அமைத்துப் பதிக. இல்லையேல் மாற்றல் வரும்போது நூலகமும் போதகரோடு போய்விடும்.

எக்கருவி வாங்கினும் பூட்டில்லாக் கோப்புகளையும் நம் குறிப்புகளையும் மூன்று இடங்களில் வைக்க வேண்டும்: கருவியில் ஒன்று, கணிப்பொறியில் ஒன்று, வேறோர் ஊரிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. குறிப்புகளைக் கருவிக்குள்ளேயே விட்டுவைக்காமல் ஆண்டுக்கொருமுறை வெளியே எடுத்துச் சேமிப்பது அறிவுடைமை.

முடிவுரை

நம் முன்னோர் ஓலைச்சுவடிகளை எவ்வாறு காத்தனர்? ஓலை அழியக்கூடியது என்று அறிந்து, அது அழியுமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். படியெடுக்கப்பட்டவை பிழைத்தன, படியெடுக்கப்படாதவை பெயரளவில் மட்டும் நின்றன. மின்னூல் கருவியும் ஓலையைப் போன்றதே. சில ஆண்டுகளில் மின்கலம் தளரும், திரை உடையும், நிறுவனம் தன் கடையை மூடவும் கூடும். கருவியை நிலையானதென எண்ணி வாங்குபவர் ஏமாறுவார். நூலைப் படியெடுத்துக் காக்க இடந்தரும் ஓலையாக அதைத் தெரிந்தெடுப்பவர் பயன் பெறுவார்.

ஆகவே கடைசியாக, கருவியின் முன் நின்று பவுலின் வேண்டுகோளை நினைப்போம். இந்நூல்களைக் கார்ப்புவிடம் ஒப்படைத்து வைக்க முடியுமா? தீமோத்தேயு அவற்றை எடுத்துவர முடியுமா? நம் காலத்துக்குப் பின் இளையவர் ஒருவர் அவற்றைத் திறந்து படிக்க முடியுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை தரும் நூல்கள் நம்மிடம் எத்தனை உள்ளனவோ, அத்தனையே நம் நூலகம்.